காற்பந்துக் கனவும் நமது கடமையும்



"எனது எதிர்கால ஆசை" எனும் தலைப்பில் இவ்வாண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கட்டுரை எழுதச் செய்தோம். மருத்துவர், ஆசிரியர் என்னும் வழக்கமான விடைகளுக்கிடையே, "காற்பந்து ஆட்டக்காரனாகி நம் நாட்டு லீக்கை ஜப்பானிய லீக்கைப் போல் உயர்த்துவேன்" என ஒரு சிறுவன் எழுதியிருந்தான். அவனுடைய தந்தையாரிடம் அதனைக் காட்டினோம். "பந்தை உதைத்தால் சோறு கிடைக்குமா, ஐயா?" என்று அவர் வினவினார்.

அவ்வினாவை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. நம் பள்ளியில் பயின்ற இளைஞர் ஒருவர் லீக் குழு ஒன்றில் ஒப்பந்தமாகி ஆடினார். சில மாதங்களில் சம்பளம் நின்றது. அவர் தோட்டத்திற்கே திரும்பி, இன்று செம்பனைக் குலை வெட்டுகிறார். அதனை நேரில் கண்ட தோட்ட மக்கள் அஞ்சுவதில் வியப்பில்லை.

எனினும் அச்சிறுவனின் கனவு நகைப்பிற்குரியதன்று. 1971ஆம் ஆண்டு சியோலில் நடைபெற்ற ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மலேசியா ஜப்பானை 3-0 எனும் கோல் கணக்கில் வென்றது. மறு ஆண்டு மியூனிக்கில், எம். சந்திரன் தலைமையில் களமிறங்கிய நம் குழு அமெரிக்காவையும் 3-0 என வீழ்த்தியது. ஆர். ஆறுமுகம் கோல் காத்த காலத்தில், 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கும் தகுதி பெற்றோம். புறக்கணிப்பின் காரணமாகச் செல்லவில்லை. ஆகவே, திறமை நமக்குப் புதியதன்று.

பின்னர் ஜப்பான் முந்தியது எங்ஙனம்? 1993ஆம் ஆண்டு 10 குழுக்களுடன் அந்நாட்டுத் தொழில்முறை லீக் தொடங்கியது. குழுக்கள் நிறுவனப் பெயரை முன்னிறுத்தாது, ஊர்ப் பெயரைத் தாங்கி, அவ்வூர் மக்களுக்கு உரியனவாக விளங்க வேண்டும் என்று விதித்தனர். ஒவ்வொரு குழுவும் இளையோர் அணிகளை வளர்க்க வேண்டும் என்றனர். நூறாண்டுத் திட்டம் வகுத்தனர். 1998இல் முதன்முறையாக உலகக் கிண்ணப் போட்டியில் ஆடினர். அதன்பின் ஒருமுறையும் தவறவில்லை. 10 குழுக்கள் 60 ஆகப் பெருகின.

நாமும் 1994ஆம் ஆண்டு தொழில்முறை லீக்கைத் தொடங்கினோம். ஆனால், அக்காலத்திலேயே ஆட்டங்களை விலைபேசும் ஊழல் வெளிப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர். பலர் தடை செய்யப்பட்டனர். மக்கள் நம்பிக்கை இழந்தனர். வேர் அழுகிய மரத்திற்கு நீர் ஊற்றிப் பயனென்ன?

இருளே எங்கும் சூழ்ந்துவிடவில்லை. 2015ஆம் ஆண்டு ஜொகூர் டாருல் தாக்சிம் குழு ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணத்தை வென்றது. தென்கிழக்காசியக் குழு ஒன்று அதனை வென்றது அதுவே முதன்முறை. நல்ல திடல், ஒழுங்கான நிருவாகம், முறையான பயிற்சி ஆகியவை இருப்பின் நம்மாலும் இயலும் என்பதற்கு இது சான்று. ஆயினும், 2014 முதல் பத்தாண்டுக்கு மேலாக அவ்வொரு குழுவே லீக் வெற்றியாளராகத் திகழ்ந்தது. ஒரு குழு ஓங்குவது மட்டும் லீக் வளர்ச்சியாகாது. ஏனைய குழுக்களும் எழ வேண்டும்.

இதற்கு நாம் வேண்டுவன மூன்று. ஆட்டக்காரரின் சம்பளம் தவறாது வழங்கப்பட வேண்டும். ஆட்டத்தில் நேர்மை வேண்டும். பத்து வயதுச் சிறுவனுக்கு ஓடியாட ஒரு திடல் வேண்டும். முதல் இரண்டும் பெரியோர் கையில் உள்ளன. மூன்றாவது நம் கையில் உள்ளது. நாம் சிறுவராக இருந்தபோது பால்மரம் வெட்டிவிட்டு வந்தவர்களும் மாலையில் தோட்டத் திடலில் பந்து ஆடினர். இன்று அத்திடலின் ஒரு புறம் புதர் மண்டிக் கிடக்கிறது. பயன்படாத நிலத்தை எவரும் நமக்காக விட்டு வைக்கமாட்டார்கள்.

பெற்றோர்களே, பிள்ளையின் கல்வியைக் கைவிடச் சொல்லவில்லை. காலையில் புத்தகம், மாலையில் பந்து என இரண்டையும் கொடுங்கள். கல்வி இருப்பின், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடும் அறிவு இருக்கும். ஆட்டம் கைவிட்டாலும் வாழ்வு கைவிடாது.

சம்பளமின்றித் திரும்பினாரே அவ்விளைஞர், அவரே இப்போது வாரம் இருமுறை நம் மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறார். கட்டுரை எழுதிய சிறுவன் முதல் வரிசையில் நிற்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை திடலின் புதரை வெட்டவிருக்கிறோம். கத்தியும் மண்வெட்டியும் கொண்டு வாரீர்! அச்சிறுவனின் தந்தையாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.