அந்த லைட்டுகளுக்குள்ள ஆக்கள் இருக்கினம்

நாகசாகிக்குப் போனால் இனாசா மலைக்குக் கேபிள் காரில் ஏறாமல் வராதேங்கோ எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். நானும் ஏறினன். ஃபுச்சி என்ற ஷின்டோ கோயிலுக்குப் பக்கத்தில் ஏறினால் 5 நிமிசத்தில் மேலே. மலையின் உயரம் 333 மீற்றர். 1959இல் தொடங்கிய சேவை இது. இப்ப ஓடுற கண்ணாடிப் பெட்டியை வடிவமைத்தவர், என்ஸோ ஃபெராரி காரை வரைந்த கென் ஒக்குயாமா. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வடிவு.

கீழே ஒடுங்கின துறைமுகம். அதைச் சுற்றி எல்லா மலையிலும் உச்சிக்குக் கிட்டவரை லைட்டுகள். 1945இல் எரிந்துபோன உரகாமிப் பள்ளத்தாக்கும் அதுக்குள்ளதான், ஆனால் இரவில் பிரித்துக் கண்டுபிடிக்க ஏலாது. ஒரு கோடி டொலர் காட்சி எண்டு இதுக்குப் பட்டப்பெயர்.

ஏன் இவ்வளவு வடிவு? சமதரை காணாமல் சனம் மலையில் வீடு கட்டினதால்தான். அந்த வீடுகளில் கனக்க வீடுகளுக்கு வாகனம் போகாது, படிதான். அரிசியும் மண்ணெண்ணெயும் ஆராவது தூக்கிக்கொண்டுதான் ஏற வேணும். இளம் ஆக்கள் வேலை தேடி வேறு நகரங்களுக்குப் போகினம். சரிவுகளில் வயதானவர்களும் பூட்டிக் கிடக்கிற வீடுகளும் மிஞ்சுது. 5 நிமிசத்தில் மேலே போய்ப் படம் எடுக்கிற நாங்கள் அந்தப் படிகளில் ஒண்டைக்கூட மிதிக்கிறதில்லை. எனக்கு இது உறுத்துது.

கேபிள் காரை மூடச் சொல்லேல்லை. சுற்றுலாக் காசு நகரத்துக்குத் தேவை. ஆனால் ஒரே நாள்தான் இருக்கெண்டால் நான் இஷிபாஷிக்குத்தான் அனுப்புவன். அங்க, ட்ராம் தரிப்பிடத்துக்குக் கிட்ட, சரிவோட சரிவாய்ச் சாய்ந்து ஏறுற ஒரு லிஃப்ட் இருக்கு. 2002இல், மலையில் இருக்கிற சனத்துக்காகக் கட்டினது. கிட்டத்தட்ட 160 மீற்றர் நீளம். டிக்கெட் இல்லை. கண்ணாடிப் பெட்டியும் இல்லை, பேர்பெற்ற வடிவமைப்பாளரும் இல்லை. ஆனால் மற்றச் சரிவுகளுக்கும் இப்பிடி ஒண்டு வேணும் எண்டு ஏறின உடனே விளங்கும்.

நான் போன காலமை என்னோட ஏறினது ஒரு வயசான அம்மா. கையில் வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருந்த பை. இறங்கி, எனக்கு ஒருக்கால் தலையை ஆட்டிப்போட்டு, பக்கத்துப் படியால் இன்னும் மேலே ஏறத் தொடங்கினா.