டி.சி.யில் இல்லாத தகவல்



எட்டாம் வகுப்பு முடித்து உயர்நிலைப் பள்ளியில் சேரும் பிள்ளையின் டி.சி.யைப் பார்த்திருப்பீர்கள். பிறந்த தேதி இருக்கும். அங்க அடையாளமாக ஒரு மச்சம் இருக்கும். மேல்வகுப்புக்குத் தகுதி பெற்றதாகத் தலைமையாசிரியர் கையெழுத்தும் இருக்கும். அந்தப் பிள்ளை ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்குமா, பின்னக் கணக்கு போடுமா என்பது மட்டும் இருக்காது. ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் நடத்தும்போதுதான் புது ஆசிரியருக்கு அது தெரியவரும். பத்தாம் வகுப்பில் பிள்ளையின் கைக்கு ஜெராக்ஸ் எடுத்த ‘மினிமம் மெட்டீரியல்’ வந்துசேரும். முப்பத்தைந்து மார்க் வாங்கினால் போதும் என்று ஆகிவிடும்.

இதில் எந்த ஆசிரியரையும் குறைசொல்ல மனமில்லை. நடுநிலைப் பள்ளிக்கு மாணவர் சேர்க்கை கவலை. உயர்நிலைப் பள்ளிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம். மேல்நிலைப் பள்ளிக்குப் பிளஸ் டூ ரிசல்ட். எல்லாரும் உழைக்கிறார்கள், ஆனால் தனித்தனியாக.

மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல், மாநில வாரியம் என்று பிரிந்து கிடந்த பாடத்திட்டங்களை 2010ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டம் ஒன்றாக்கியது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அது பெரிய வெற்றி. ஆனால் புத்தகம் பொதுவானதால் இலக்கும் பொதுவாகிவிடவில்லை. பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்திய பள்ளிகள் தமிழ்நாட்டில் இருந்தன. அதைத் தடுக்க 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் தேர்வு இருந்தால்தான் பாடம் நடக்கும் என்ற நிலை மாறினால்தான் அந்த மகிழ்ச்சி நிலைக்கும்.

அதற்கு ஒரே வட்டாரத்து நடுநிலை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார வேண்டும். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் ஒரு பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கூடிப்பேசி முடிவுசெய்ய வேண்டும். தடுமாறும் பிள்ளையை ஆறாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துக் கைகொடுக்க வேண்டும். ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்கு 2025-26இல் கற்றலில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய ‘திறன்’ பயிற்சி இந்த வழியில் நல்ல தொடக்கம். அதில் தெரியவரும் விவரம், டி.சி.யோடு அடுத்த பள்ளிக்கும் போய்ச் சேர வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தேர்ச்சி விகிதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். “ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் சரளமாக வாசிப்பவர்கள் எத்தனை பேர்? மற்றவர்களுக்கு இந்த ஆண்டு என்ன செய்யப்போகிறோம்?” என்று கேளுங்கள். குற்றம் கண்டுபிடிக்க அல்ல, கூடவே நிற்க. பக்கத்துப் பள்ளியோடு கைகோத்து இதைச் செய்துகாட்டிய அரசுப் பள்ளி உங்கள் ஊரில் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். மற்ற ஊர்களுக்கு வழிகாட்ட, அந்தக் கடிதங்களை இந்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்