டாக்டர் வீடு தப்பிச்சது... பக்கத்துத் தெரு என்னாச்சு?

பழைய வீடு ஒன்றை மியூசியமாகப் பார்க்கப் போனால், கட்டில், கண்ணாடி, சரவிளக்கு என்று ரசித்துவிட்டு, 'இது யார் வீடு?'ன்னு கேட்போம். 'எத்தனையோ வீடு போயிடுச்சே, இது மட்டும் எப்படி நின்னுச்சு?'ன்னு கேட்கிறோமா?

அதைக் கேட்க வேண்டிய ஊர், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத் தென்கோடியில் இருக்கும் கேப் மே. நிரந்தரமாக வசிப்பவர்கள் 3,000 பேருக்கும் குறைவு. ஆனால், கோடை வந்தால் கடற்கரைக்கு வரும் கூட்டத்தில் ஊரே திணறும். 1878-ல் இங்கே பெரும் தீ விபத்து. சுமார் 35 ஏக்கர் சாம்பலானது. அதன் பிறகு மரத்தில் இழைத்து இழைத்துக் கட்டிய விக்டோரியா காலத்து வீடுகள்தான் இன்று ஊரின் அடையாளம்.

அவற்றில் முக்கியமானது எம்லென் ஃபிசிக் வீடு. 1879-ல் கட்டப்பட்டது, 18 அறைகள். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் ஃபர்னஸின் வடிவமைப்பாகக் கருதப்படுகிறது. புகைபோக்கிகளைப் பாருங்க, தலைகீழாகக் கவிழ்த்து வைத்த மாதிரி மேலே போகப் போக அகலமாகும். ஃபிசிக் டாக்டருக்குப் படித்தவர். ஆனால், வைத்தியம் பார்த்ததே இல்லை. குடும்பச் சொத்து இருந்தது. அம்மா, சித்தியோடு இங்கே வசதியாக வாழ்ந்தார்.

1970 வாக்கில் பாழடைந்து கிடந்த இந்த வீட்டை இடிக்கப் பேச்சு எழுந்தது. ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கித் தடுத்தார்கள். நகராட்சி வீட்டை வாங்கி, அவர்களிடமே குத்தகைக்கு விட்டது. அவர்கள் செய்த புத்திசாலித்தனம், வீட்டையே சம்பாதிக்க வைத்தது. வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்க டிக்கெட், ஊரைச் சுற்ற டிராலி வண்டி என வருமானம் வந்தது. உப்புக்காற்றில் நிற்கும் மர வீட்டுக்குப் பெயின்ட் அடித்தே மாளாது இல்லையா? 1976-ல் ஊர் முழுவதுமே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இதுவரை சந்தோஷமான கதை. இன்னொரு பக்கமும் இருக்கு.

1962 மார்ச்சில் வந்த புயல் ஊரைப் புரட்டிப்போட்டது. அதைத் தொடர்ந்து அரசுப் பணத்தில் நடந்த நகரச் சீரமைப்பில் கறுப்பின மக்களின் வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. பல குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. அந்த வீடுகளுக்கும் வயசு இருந்தது, கதை இருந்தது. எடுத்துச் சொல்ல ஆளும் பணமும்தான் இல்லை.

இத்தனைக்கும், அடிமைத்தளையிலிருந்து தப்பி, பிறரையும் மீட்ட ஹேரியட் டப்மன், 1850-களின் தொடக்கத்தில் இதே ஊரில் சமையல் வேலை பார்த்து, அந்த மீட்புப் பயணங்களுக்குக் காசு சேர்த்தவர். அவர் பெயரில் இங்கே ஒரு மியூசியம் உருவாக 2020 வரை ஆனது. அதுவும் ஒரு வீடுதான். கறுப்பினத்தவரின் தேவாலயம் ஒன்றின் போதகர் குடியிருந்த எளிய வீடு. ஃபிசிக் வீட்டின் வண்டிக் கொட்டகையிலும் கறுப்பின மக்களின் வரலாறு பற்றிய கண்காட்சிகள் நடந்திருக்கின்றன.

ஃபிசிக் வீட்டைக் காப்பாற்றியது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், ஒரு ஊர் எதைப் 'பாரம்பரியம்' என்கிறது, எதைப் 'பழசு' என்று தள்ளுகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கட்டடத்தின் வயது கிடையாது. அதில் வாழ்ந்தவரின் வசதிதான். வசதியானவர் வீடு மட்டும் மிஞ்சினால், அந்தக் காலத்தில் எல்லோருமே சரவிளக்கின் கீழ் வாழ்ந்ததாக அடுத்த தலைமுறை நம்பிவிடும்.

அடுத்த முறை இப்படி ஒரு வீட்டுக்குப் போனால், வரவேற்பறையோடு திரும்பிடாதீங்க. சமையலறை எங்கே, அதில் வேலை பார்த்தவங்க எந்தத் தெருவில் இருந்தாங்க, அந்தத் தெரு இப்ப இருக்கான்னு வழிகாட்டியிடம் கேளுங்க. பார்வையாளர்கள் கேட்கக் கேட்கத்தான் மியூசியங்களும் அதைச் சொல்ல ஆரம்பிக்கும்.