பாறுகளைக் கொன்றது யார்?

தோழர்களே!

கூலி, பஞ்சப்படி, போனஸ், நிலம் என்று எழுத வேண்டியவர் கழுகைப் பற்றி எழுதப் புறப்பட்டுவிட்டாரே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். விஷயத்தை விசாரித்த பிறகு அபிப்பிராயம் மாறிவிட்டது. அந்தப் பறவையின் கதையில் நம் மாடு இருக்கிறது. நாம் குடிக்கும் தண்ணீர் இருக்கிறது. மருந்துக் கம்பெனியின் லாபம் இருக்கிறது. மாட்டு டாக்டர் எட்டிப் பார்க்காத நம் கிராமமும் இருக்கிறது. ஆகவே இது நம் விஷயம்தான்.

நீலகிரியில் பைக்காராவாகப் பிறக்கும் ஆறு, முதுமலைக் காட்டுக்குள் இறங்கி மாயாறு என்று பெயர் பெறுகிறது. பிறகு மலையை அறுத்து ஆழமான பள்ளத்தாக்காக ஓடி, பவானிசாகர் அணையில் பவானியோடு சேருகிறது. கீழ்பவானி வாய்க்கால் பாயும் வயல்களில் நாற்று நடுகிறவர்களும், சத்தியிலும் கோபியிலும் ஆற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்களும் அந்த ஆற்றுக்குச் சொந்தக்காரர்கள்தாம்.

அந்தப் பள்ளத்தாக்கில்தான் தமிழ்நாட்டின் கடைசிப் பாறுகள் கூடு கட்டுகின்றன. நம் ஜனங்கள் பிணந்தின்னிக் கழுகு என்று சொல்லும் பறவைக்குப் பழைய தமிழ்ப் பெயர் பாறு. வெண்முதுகுப் பாறு ஆற்றோரத்து நீர்மருது மரங்களின் உச்சியில் கட்டுகிறது. கருங்கழுத்துப் பாறு செங்குத்துப் பாறை விளிம்பில் கட்டுகிறது. செந்தலைப் பாறும் அங்கே உண்டு.

2023 டிசம்பர் கடைசியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலத்து வன இலாகாக்களும் சேர்ந்து எண்ணின. கிடைத்த கணக்கு 320. மூன்று மாநிலக் காடுகளிலும் சேர்த்து 320! ஒரு நடுத்தர மில்லில் ஒரு ஷிப்டுக்கு உள்ளே போகும் ஆட்கள் தொகைகூட இல்லை.

முன்பு எப்படி இருந்தது?

1980-களின் கடைசியில் நான் சிறு பையன். எங்கள் ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் செத்த மாட்டைக் கொண்டுபோய்ப் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் வானத்தில் வட்டமிடும். பிறகு ஒன்றன் பின் ஒன்றாக இறங்கும். பள்ளிக்கூடம் போகும்போது மாடாகக் கிடந்தது, திரும்பும்போது வெறும் எலும்பாகக் கிடக்கும். நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை.

இந்தியா முழுவதும் கோடிக்கணக்கில் இருந்த பறவை இது. 1992-க்கும் 2007-க்கும் நடுவில் என்ன நடந்தது? ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. பதினைந்தே வருஷத்தில் இப்படி அழிந்த பறவை உலகத்தில் வேறு உண்டா என்று விஞ்ஞானிகள் கேட்கிறார்கள்.

யாரும் துப்பாக்கி எடுத்துச் சுடவில்லை. வலையும் விரிக்கவில்லை. காரணம் தெரியாமல் பல வருஷம் தவித்தார்கள். கடைசியில் 2004-ல், பாகிஸ்தானில் செத்துக் கிடந்த பாறுகளைச் சோதித்த லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் கொலையாளியின் பெயரைச் சொன்னார்கள். அதன் பெயர் டைக்ளோபினாக்.

ஊசியில் வந்த எமன்

டைக்ளோபினாக் ஒரு வலி மருந்து. மனிதனுக்கு மூட்டுவலி என்றால் கொடுப்பது. 1990-களின் தொடக்கத்தில் பல கம்பெனிகள் இதைச் செய்யத் தொடங்கியதும் விலை மளமளவென்று விழுந்தது. கால் வீங்கிய காளைக்கும், மடிநோய் வந்த பசுவுக்கும், காய்ச்சல் கண்ட எருமைக்கும் இந்த ஊசியே சர்வரோக நிவாரணி ஆயிற்று.

ஊசி போட்ட மாடு சில நாளில் செத்துப்போனால் மருந்து அதன் உடம்பிலேயே நின்றுவிடுகிறது. அந்த மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டு, வயிற்றுக்குள் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை படிந்து, சில நாளில் விழுந்து சாகிறது. ஒரு மாட்டைத் தின்பது ஒரு பாறு அல்ல, ஒரு கூட்டம். ஆகவே ஒரு மாட்டின் உடம்பு ஒரு கூட்டத்தையே முடித்துவிடும். நூறு செத்த மாட்டில் ஒன்றில் மருந்து இருந்தால்கூடப் போதும், இனமே அழிந்துபோகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

ஏன்? பாறு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுகிறது. தாயும் தகப்பனும் மாறி மாறி ஒன்றரை மாதத்துக்கு மேல் அடைகாக்க வேண்டும். குஞ்சு பறக்க இன்னும் மூன்று மாதம். அது பெரிதாகித் தானும் முட்டையிடச் சுமார் ஐந்து வருஷம். இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு சாவு என்பது சிறிய நஷ்டமல்ல.

மாயாற்றுப் பாறுகள் எப்படித் தப்பின? அவை பெரும்பாலும் காட்டில் செத்த மானையும், புலியும் செந்நாயும் அடித்துப் போட்ட மிச்சத்தையும் தின்று வாழ்கின்றன. காட்டு மானுக்கு ஊசி போட யாரும் போவதில்லை! அதனால் பிழைத்தன.

நஷ்டம் யாருக்கு?

பாறு போனால் போகட்டும், நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2024-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பாறுகள் அழிந்த ஜில்லாக்களில் மனிதர்களின் சாவு விகிதம் நூற்றுக்கு நான்குக்கு மேல் கூடியது என்று அவர்கள் கண்டார்கள். 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் கூடுதலாகச் செத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் மதிப்பு.

எப்படி? செத்த மாடு அழுகி ஓடைத் தண்ணீரில் கலக்கிறது. தெருநாய் பெருகுகிறது, நாய்க்கடியும் வெறிநோயும் பெருகுகின்றன. பங்களாவில் இருப்பவன் சுத்திகரித்த தண்ணீர் குடிக்கிறான், காரில் போகிறான். ஓடைத் தண்ணீர் குடிப்பவன் யார்? இரவு ஷிப்டு முடிந்து இருட்டில் நாய்களுக்கு நடுவே வீட்டுக்கு நடந்துபோகிறவன் யார்? விடியுமுன் களத்துக்குப் போகிற பெண் யார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலையைச் சாதியின் பெயரால் யார் தலையில் கட்டினார்கள் என்பது நமக்குத் தெரியும். பாறு இருந்தவரை அந்த வேலையில் பாதியை அது செய்தது. அது போன பிறகு, அழுகிய உடம்போடும் அடைப்பான் நோயோடும் மல்லுக்கட்டுவது அந்த ஏழையின் வெறுங்கைதான்.

தடையும் தந்திரமும்

சர்க்கார் என்ன செய்தது? மாட்டுக்கு டைக்ளோபினாக் கொடுக்கக்கூடாது என்று 2006-ல் தடை வந்தது. நல்லது. ஆனால் கடைகளில் 30 மில்லி குப்பி தாராளமாக விற்றது, ‘மனிதர்களுக்கு’ என்ற லேபிளோடு! மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். அப்படியானால் 30 மில்லி குப்பி யாருக்கு? மாட்டுக்குத்தான். தடைக்குப் பிறகும் ஒன்பது வருஷம் இந்த நாடகம் நடந்தது. 3 மில்லிக்கு மேல் குப்பி கூடாது என்று 2015-ல் உத்தரவு போட்டார்கள். உடனே கம்பெனிகள் சென்னை ஐகோர்ட்டுக்குப் போயின. 2017-ல் ஐகோர்ட் உத்தரவு சரியே என்று தீர்ப்பளித்தது.

அதோடு முடிந்ததா? அசிக்ளோபினாக் என்று இன்னொரு மருந்து. மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோபினாக்காகவே மாறிவிடுகிறது! பழைய விஷத்துக்குப் புதுச் சட்டை. அதையும் கீட்டோபுரோபன் என்பதையும் தடை செய்ய 2023 வரை ஆயிற்று. நிமிசுலைடைத் தடை செய்தது 2024 டிசம்பர் கடைசியில். முதல் தடைக்கும் இதற்கும் நடுவில் பதினெட்டு வருஷம்!

மருந்து மலிவாகக் கிடைப்பது குற்றமல்ல. ஏழைக்கு மலிவு மருந்து வேண்டும். குற்றம் எது என்றால், என்ன கெடுதல் செய்யும் என்று சோதிக்காமலே சந்தையில் இறக்கியது. கெடுதல் தெரிந்த பிறகும் விற்றது. ஒன்றைத் தடுத்தால் இன்னொன்றைக் கொண்டுவந்தது. பாறுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் என்ற மருந்து இருக்கிறது என்று 2006-லேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். நல்ல மருந்து கையில் இருக்கும்போது கெட்ட மருந்து கடையில் இருந்தது யாருடைய சௌகரியத்துக்காக?

பழி யார் மேல்?

‘விவசாயிதானே ஊசி போட்டான், அவன்தானே கொன்றான்’ என்று சில படித்தவர்கள் பேசுகிறார்கள். சில வருஷங்களுக்கு முன் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். விவசாயத் தொழிலாளி ஒரு அம்மாவின் பசு படுத்துவிட்டது. குடும்பத்துக்குப் பால் காசு அந்த ஒன்றிலிருந்துதான். “மாட்டு டாக்டருக்குச் சொல்லி அனுப்பினீங்களா அக்கா?” என்று கேட்டேன்.

“அவரு வாரத்துல ரெண்டு நாளைக்குத்தானுங்க தோழர் வாராரு. அதுவரைக்கும் மாடு காத்துக்கிட்டு இருக்குமுங்களா?” என்றார்.

மருந்துக் கடைக்காரன் ஆளுக்குப் போடும் டைக்ளோபினாக் ஊசி மருந்தையே நாலைந்து எடுத்துக் கொடுத்துவிட்டான். மூன்றாம் நாள் மாடு செத்துப்போயிற்று. ஓடைக்கரையில் போட்டார்கள். பாறு எதுவும் வரவில்லை, நாய்கள்தாம் வந்தன. பாறு வந்திருந்தால் அதுவும் செத்திருக்கும். சொல்லுங்கள், குற்றவாளி அந்த அக்காவா?

ஆனால் நம் பக்கத்தையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். காட்டோரத்தில் புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால், ஆத்திரத்தில் மிச்ச உடம்பில் பூச்சிமருந்தைக் கலந்து வைப்பவர்கள் நம்மிலும் உண்டு. புலி சாகிறதோ இல்லையோ, முதலில் இறங்கும் பாறு சாகும். நாயும் சாகும், மழை பெய்தால் விஷம் ஓடைக்கும் வரும். இது தவறு. தவறு என்று நாமே நம் ஊரில் சொல்ல வேண்டும். அதே மூச்சில் சர்க்காரையும் கேட்க வேண்டும்: மாடு போனவனுக்கு நஷ்டஈடு கொடுக்க மாதக்கணக்கில் ஏன் அலைய விடுகிறீர்கள்? அன்றே வந்து பார்த்து, சீக்கிரமே காசு கொடுத்தால் அவன் ஏன் விஷத்தைத் தொடுகிறான்?

இன்னொரு அபாயமும் இருக்கிறது. பறவையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் காட்டு மக்களை விரட்டுவது. முதுமலை 2007-லும் சத்தியமங்கலம் 2013-லும் புலிகள் காப்பகம் ஆயின. அதற்கு வெகுகாலத்துக்கு முன்பிருந்தே இருளரும் குறும்பரும் மாடு மேய்ப்பவர்களும் அங்கே வாழ்ந்தார்கள். பாறும் அவர்கள் தலைக்கு மேலேயே வாழ்ந்தது. அவர்கள் பாறை அழிக்கவில்லை. அழித்த மருந்து பட்டணத்திலிருந்து வந்தது. கிராம சபையின் சம்மதமில்லாமல் காட்டு மக்களை வெளியேற்றக்கூடாது என்று 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டமே சொல்கிறது. எந்த மருதமரத்தில் கூடு இருக்கிறது, எந்த மாதம் குஞ்சு பொரிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்ததுபோல வேறு யாருக்குத் தெரியும்? அவர்களையே சம்பளம் கொடுத்துக் கூட்டுக்குக் காவல் வையுங்கள். கூடு கட்டும் மாதங்களில் உல்லாசப் பயணிகளையும் அவர்களுடைய ஜீப்புகளையும் ஆற்றங்கரையிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

பாறு பாதுகாப்புக்கென்று 2022-ல் தமிழ்நாடு சர்க்கார் ஒரு கமிட்டி அமைத்தது. கமிட்டி இருந்தால் மட்டும் போதாது. நம் கோரிக்கைகள் இவை:

1. மாயாற்றைச் சுற்றியுள்ள ஊர்களிலெல்லாம் அன்றாடம் வரும் மாட்டு டாக்டரும், இலவசமாக மெலாக்சிகாமும் வேண்டும்.

2. எந்த மாட்டு மருந்தையும் பாறுக்குக் கெடுதல் இல்லை என்று சோதித்த பிறகே விற்க அனுமதிக்க வேண்டும். தடை செய்த மருந்தை மாட்டுக்கு விற்கும் கடையையும், அதைக் கடைக்கு அனுப்பும் கம்பெனியையும் தண்டிக்க வேண்டும்.

3. காட்டு விலங்கு அடித்த மாட்டுக்கு உடனுக்குடன் நஷ்டஈடு தர வேண்டும்.

4. நோயால் சாகாத காட்டு விலங்கின் உடம்பைப் புதைக்காமலும் எரிக்காமலும் காட்டிலேயே விட வேண்டும். அது பாறின் சாப்பாடு.

5. காட்டு மக்களின் உரிமையில் கை வைக்கக்கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வீட்டில் மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு தோழரும், ஊசி போட வருகிறவரிடம் “இது என்ன மருந்து?” என்று கேளுங்கள். “மெலாக்சிகாம் போடுங்கள்” என்று சொல்லுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் குப்பியைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் காட்டுங்கள். ஊசி போட்ட மாடு செத்தால் ஆழமாகப் புதையுங்கள். உங்கள் ஊர்க் கடையில் தடை மருந்து விற்றால் சங்கத்தில் சொல்லுங்கள். பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள்.

மாயாற்று மருதமரத்தின் உச்சியில் ஒரு தாய்ப்பறவை ஒற்றை முட்டையை அடைகாத்துக்கொண்டிருக்கும்போது, அதன் துணை இரை தேடி மைல் கணக்கில் பறந்து வருகிறது. அது வந்து இறங்குவது நம் ஊர் ஓடைக்கரையாகவும் இருக்கலாம். அங்கே அதற்குக் கிடைப்பது சாப்பாடா, விஷமா? மருந்துக் கம்பெனியின் கையில் மட்டும் அதை விட்டுவிட வேண்டாம். நம் தொழுவத்திலும் அது தீர்மானமாகிறது, தோழர்களே!