விலை கேட்குமுன் படித்துப் பாருங்கள்

நான் பழைய நோட்டுகள் சேர்ப்பவன் என்று சைனிக்புரியில் பலருக்கும் தெரியும். ஆல்பத்தைத் திறந்ததும் நம் அன்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், இது இப்போ எவ்வளவுக்குப் போகும்?" அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

நாம் பிழைக்க வந்த இந்த ஊருக்கே ஒரு காலத்தில் சொந்த நோட்டு இருந்தது. முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வரவே, 1918-இல் நிஜாம் அரசு காகிதப் பணம் வெளியிட்டது. உஸ்மானியா சிக்கா என்று பெயர். ஆங்கிலேயரின் 6 ரூபாய்க்கு இது ஏறத்தாழ 7 ரூபாய். அச்சானது லண்டன் வாட்டர்லோ கம்பெனியில். 1922 மே மாதம் லண்டனிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்ட 'எகிப்து' கப்பல், பிரான்ஸ் கரையருகே இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. அதில் தங்கம், வெள்ளியோடு கையெழுத்திடாத ஹைதராபாத் நோட்டுகளும் இருந்தன. பத்தாண்டு கழித்து இத்தாலியர்கள் தங்கத்தை மீட்டபோது அந்த நோட்டுகளும் மேலே வந்தன! ஒருநாளும் செல்லாத பணம். சேகரிப்பவர்கள் இன்றும் அதைத் தேடி அலைகிறோம்.

கையெழுத்திலும் சரித்திரம் உண்டு. நிஜாமின் நிதியமைச்சராகச் சில நோட்டுகளில் கையெழுத்திட்ட குலாம் முகம்மது, 1951-இல் பாகிஸ்தானின் கவர்னர் ஜெனரல் ஆனார்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, 786 எண் இருந்தால் லட்சம் கிடைக்கும் என்று நம்புகிறோம். வாங்குவதாகச் சொல்பவர் முதலில் கமிஷன், வரி என்று நம்மிடமே பணம் கேட்பார். ரிசர்வ் வங்கி 2021-இலேயே இது பற்றி எச்சரித்தது. இன்னொன்று: தாத்தா வைத்துப்போன நோட்டை லாமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் பிறகு காகிதத்தை விடாது.

நிஜாம் நோட்டில் உருது பெரிதாக இருக்கும். கூடவே தெலுங்கு, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். தமிழ் இல்லை, அந்தச் சமஸ்தானத்தில் நாம் சிறு கூட்டம்தான். இன்றைய நோட்டின் பின்புறம் 15 மொழிகள். கடைசி மூன்று வரிகளைப் பாருங்கள்: தமிழ், அடுத்து தெலுங்கு, அடுத்து உருது. இங்கே பிறந்த நம் பேரப்பிள்ளைகள் பலர் தெலுங்கு வரியைச் சரளமாகப் படித்துவிட்டு அதற்கு மேல் வரியில் திணறுகிறார்கள். தமிழ் கற்பிக்கப் புத்தகம் கிடைக்கவில்லை என்று சொல்லும் பெற்றோரே, பாக்கெட்டிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுங்கள். 'பத்து ரூபாய்' என்று எழுத்துக் கூட்டிப் படித்தால் நோட்டு அந்தக் குழந்தைக்கே.