மச்சம் பார்க்கும் வாட்ச்மேன்

எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க் ரிட்டையராக இன்னும் நாலு மாதம். சம்பளப் பட்டியல் அவர் பொறுப்பு. எக்ஸலில் தானே மேக்ரோ எழுதி, பதினோரு வருஷமாகப் பைசா பிசகாமல் ஓட்டிக் கொண்டிருந்தார். போன மாதம் 29-ம் தேதி காலை கம்ப்யூட்டரைத் திறந்தால்... ஃபைலைக் காணோம்!

"எதையாவது தட்டியிருப்பீங்க சார். வயசாச்சில்ல?" என்றார் மானேஜர். இவரில் பாதி வயசு. ஹெட் கிளார்க் பதில் பேசவில்லை. தன் விரல்களையே பார்த்துக் கொண்டிருந்தார். அன்று டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல் அத்தனை பேர் சம்பளத்தையும் கையால் கணக்குப் போட்டார்.

மறுநாள் சிஸ்டம்ஸ் பையன் வந்து துப்பறிந்தான். எல்லா கம்ப்யூட்டரையும் ஒரே இடத்திலிருந்து மேய்க்கிற நிர்வாக சாஃப்ட்வேர், ராத்திரியில் புது விதி ஒன்றை இறக்கியிருக்கிறது. 'மேக்ரோவா? அப்ப வைரஸ்தான்' என்று முடிவு கட்டி, ஃபைலைத் தூக்கிக் 'க்வாரன்டைனில்' அடைத்துவிட்டது. விசாரணை கிடையாது, ஜாமீன் கிடையாது!

நிற்க. இந்தக் கூத்து உலகம் பூரா நடந்திருக்கிறது. 2010 ஏப்ரல் 21-ல் மெக்காஃபி அனுப்பிய 5958-ம் நம்பர் பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த உறுப்பான 'எஸ்விசிஹோஸ்ட்' ஃபைலையே வைரஸ் என்றது. கம்ப்யூட்டர்கள் அணைந்து அணைந்து எரிந்தன. 2023 ஜனவரி 13, நம்மூரில் போகிக்கு முதல் நாள். மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஒரு விதி அதற்குள் போகி கொண்டாடி, ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் ஸ்டார்ட் மெனுவில் இருந்த ஷார்ட்கட்களைக் கழித்துக் கட்டியது. வீடு இருக்கிறது, வாசல் கதவைக் காணோம்! 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு கோளாறு ஃபைல் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்ததாக மைக்ரோசாஃப்டே கணக்குச் சொன்னது. விமானங்கள் தரையிலேயே நின்றன.

காரணம் சுலபம். நாம் எந்த ஃபைலைத் திறந்தாலும் காவல் சாஃப்ட்வேர் முதலில் சட்டைப் பையைத் தடவும். அதற்காக எக்ஸல், வேர்டைவிட அதற்கு அதிகாரம் அதிகம். திருடனை அது அங்க அடையாளம் வைத்துப் பிடிக்கிறது. மச்சம் ஒத்துப் போனால் மாமனாரையும் பிடிக்கும்!

வைத்தியமும் சுலபம்தான். புது விதியை முதலில் பத்து கம்ப்யூட்டரில் விட்டு, ஒரு நாள் பார்த்துவிட்டு ஊருக்கு அனுப்பலாம். தினமும் புழங்குகிற ஃபைல்களை 'விலக்குப் பட்டியலில்' சேர்க்கலாம். முக்கியமாக, ஆளைத் திட்டுவதற்கு முன்னால் காவல் சாஃப்ட்வேரின் பதிவேட்டை ஒரு தடவை பார்க்கலாம்.

பையன் ஃபைலை மீட்டு, விலக்குப் பட்டியலிலும் சேர்த்தான். மானேஜர் "ஓ, அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

ஹெட் கிளார்க் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டே கேட்டார்:

"தம்பி, அந்தப் பட்டியல்ல என் பேரையும் சேர்க்க முடியுமா? இன்னும் நாலு மாசத்துக்குப் போதும்..."