பிறை தப்பிய ஊர்

‘வெள்ளைக்காரன் வந்தான், மரபு அழிந்தது.’ ஆப்பிரிக்கப் புனைவு பற்றி எங்களுக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த ஒற்றை வரியில் முடிந்துவிடுகின்றன. சாட்சிக்கு இழுக்கப்படுவது நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ (1958). அந்த நாவலிலோ, தன்னை அப்பா என்று அழைத்த சிறுவனை நாயகன் ஒகொன்க்வோ தன் கையால் வெட்டுகிறான். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றுப் பெற்றுக் காட்டுக்குப் பறிகொடுத்த ஒருத்தி தேவாலயத்துக்குப் போகிறாள். ஊர் ஒதுக்கிவைத்த ஓசுக்களும் போகிறார்கள். அச்செபே எதையும் பூசி மெழுகவில்லை.

அவருடைய ‘ஏரோ ஆஃப் காட்’ (1964) இந்த வழக்கை இன்னும் ஆழமாக விசாரிக்கிறது. ஆள்பிடிக்க வந்த அபாம் படைக்குப் பயந்து ஆறு கிராமங்கள் கூடித் தமக்கென ஆக்கிக்கொண்ட தெய்வம் உலு. பக்கத்து ஊர்க்காரர்களோ தங்களைக் கைவிட்ட தெய்வத்தை எல்லைக்குத் தூக்கிப்போய்க் கொளுத்தியவர்கள். கல்லில் பொறித்த மரபல்ல இது. தேவைக்கேற்ப ஆக்கியதும் அழித்ததும் அந்த ஊர்க்காரர்களே.

உலுவின் பூசாரி எசெயுலு. ஒவ்வொரு பிறைக்கும் ஒரு வள்ளிக்கிழங்கைச் சுட்டுத் தின்பார். கதை தொடங்குகிற இரவில் பரணில் மிச்சம் எட்டு. எட்டுதான் என்று தெரிந்தும் எண்ணிப் பார்க்கிறார். ஒரே ஒரு கிழங்கு மிஞ்சும்போது அவர் நாள் குறித்தால்தான் புதுக்கிழங்குத் திருநாள், அதன் பிறகுதான் அறுவடை. ஊரின் பஞ்சாங்கமே அந்தப் பரணில்தான் இருக்கிறது.

அரசனே இல்லாத அந்த இக்போ இன ஊர்களில் ஆங்கில ஆட்சிக்கு ஒரு தலைவன் தேவைப்படுகிறான். அந்தப் பதவியை மறுத்த எசெயுலுவை அரசு அலுவலகம் இருக்கும் ஒக்பெரியில் அடைக்கிறார்கள். கிழங்கு தின்னாமலே இரண்டு பிறைகள் தப்பிப்போகின்றன. ஊர் திரும்பியவரிடம், பாவம் எங்கள் தலையில் விழட்டும், மிஞ்சிய கிழங்கைத் தின்றுவிடுங்கள் என்று பெரியவர்கள் கெஞ்சுகிறார்கள். அவர் மசியவில்லை. தெய்வ பக்தியா, கைவிட்ட ஊர் மேல் வன்மமா என்று பிரித்துச் சொல்ல முடியாத பிடிவாதம். விளைந்த கிழங்கு மண்ணிலேயே கெடுகிறது. அப்போது தேவாலயம் கூப்பிடுகிறது: காணிக்கையாகக் கிழங்கு கொண்டுவாருங்கள், உலுவுக்குப் பயப்படாமல் தோண்டிக்கொள்ளுங்கள்.

தெய்வத்தையே ஆக்கத் தெரிந்த ஊருக்குக் கிழங்குக்கு ஒரு பரிகாரம் காணத் தெரியாதா? பூசாரியும் ஊரும் முட்டிமோதி ஒரு வழிக்கு வந்திருப்பார்கள். அதற்கான அவகாசம்தான் பறிபோனது. தங்கள் சண்டையைத் தாங்களே தீர்த்துக்கொள்ளும் உரிமையைக் காலனியம் பறித்தது என்பதே இந்நாவலிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது.

நாவலுக்கு வெளியேயும் இதற்குச் சான்று உண்டு. அத்தகைய நியமனத் தலைவர்களையும் வரி அச்சத்தையும் எதிர்த்து 1929இல் கிழக்கு நைஜீரியப் பெண்கள் திரண்டார்கள். கொடுமை செய்தவன் வாசலில் கூடி, வசைப்பாட்டுப் பாடி, மானத்தை வாங்குகிற பழைய வழக்கத்தை அவர்கள் புதிய அதிகாரத்தின் மேல் திருப்பினார்கள். மரபு அங்கே செத்துக் கிடக்கவில்லை. புது வேலைக்குக் கிளம்பியிருந்தது. அரசு துப்பாக்கியால் பதில் சொன்னது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மாண்டார்கள்.

ஆகவே ஆப்பிரிக்க நாவல்கள் பற்றி இனி எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒப்பாரி போதும். ஊருக்குள் யார் எதைக் கேட்டார்கள், யார் மறுத்தார்கள், அந்த வழக்கு எந்த இடத்தில் அறுந்தது என்று எழுதி அனுப்புங்கள். பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.